மறு: ‘இவாக்குவேஷன்’ – வெளியேற்றமா, காப்பிடம் சேர்த்தலா?

அனைவருக்கும் வணக்கம். ஆபத்து நேரத்தில் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பும் ‘இவாக்குவேஷ’னுக்கு (evacuation) எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘வெளியேற்றம்’ எல்லா ஆவணத்திலும் பழகிவிட்டது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, பழகிய சொல்தான். ஆனால் கடலூரில் அது மக்கள் காதில் எப்படி விழுகிறது என்று பார்த்ததால் எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரைபுரண்டது. ஆற்றோரத் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி, “தாழ்வான பகுதி மக்கள் உடனே வெளியேறவும்” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். துணி மூட்டையோடு வாசலில் நின்ற ஆயா ஒருவர் கேட்டார்: “வெளியேறி எங்க போறது தம்பி? அப்புறம் திரும்ப உள்ள விடுவாங்களா?”

சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளிக் குடிவைக்கப்பட்டவர்களைப் பார்த்த ஊர் இது. ஆக்கிரமிப்பு அகற்றும்போதும் இதே ‘வெளியேற்றம்’தான். ஆயாவின் இரண்டு கேள்விக்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை.

குழுவில் வந்த மற்றச் சொற்களைப் பார்ப்போம். ‘அப்புறப்படுத்தல்’ குப்பைக்குச் சொல்வது; விட்டுவிடலாம்.

அம்மா ஒருவர் முன்வைத்த ‘ஒதுங்கல்’ எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. மழைக்கு ஒதுங்குகிறோம், விட்டதும் கிளம்புகிறோம். திரும்பி வருவது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எங்கள் கடற்கரையில் ‘கரை ஒதுங்கியது’ என்றால் எது ஒதுங்கியது என்று யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த தேவனாம்பட்டினத்தில் நின்று “வாங்க, ஒதுங்கலாம்” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

‘மேடேற்றம்’ வெள்ளத்துக்கு அழகாகப் பொருந்தும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் வாயு கசிந்தால்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குறுக்கே விலக வேண்டும். மேடேறினால் மட்டும் போதாது.

சரி, என் முன்மொழிவு: காப்பிடம் சேர்தல், காப்பிடம் சேர்த்தல். காப்பிடம் என்றால் பாதுகாப்பான இடம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். பைக்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறவர் தானே காப்பிடம் சேர்கிறார். படுக்கையில் கிடக்கும் பெரியவரையும் நிறைமாதக் கர்ப்பிணியையும் வண்டி வைத்து நாம் சேர்க்கிறோம். சேர்பவர் எத்தனை பேர், சேர்க்கப்பட வேண்டியவர் எத்தனை பேர் என்று பிரித்த பிறகுதான் பஸ் எத்தனை, ஆம்புலன்ஸ் எத்தனை என்ற கணக்கே தொடங்கும். தன்வினை பிறவினை இருப்பதால் தமிழில் அந்தப் பிரிவு சொல்லிலேயே கிடைக்கிறது. ‘போய்ச் சேர்ந்தார்’ என்பதற்கு வேறு பொருளும் உண்டு, தெரியும். இடத்தின் பெயர் முன்னால் நின்றால் அந்தப் பொருள் எழாது. வெளியூர் போன பிள்ளையிடம் போனில் கேட்பதும் “பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தியா” என்றுதானே.

இன்னொன்று, வண்டி ஏறியதோடு ஆபத்து தீர்வதில்லை. 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்குப் பயந்து அமெரிக்காவின் டெக்சாஸில் முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பஸ் டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். ஊரை விட்டு ‘வெளியேற்றி’ ஆயிற்று, காப்பிடம் சேர்க்கவில்லை. ஆகவே ‘டிரான்ஸ்போர்ட் ரிஸ்க்’குக்கு வழியிடர் என்று சொல்லலாமா? நம் பக்கத்தில் அது பெரும்பாலும் தண்ணீர் ஓடும் சாலைதான். 2 அடி ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். ஃபெஞ்சலின்போது அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், அதற்கு எத்தனை மணி நேரம் முன்பு கடைசி வண்டி கிளம்ப வேண்டும் என்று எழுத ஊர்த் திட்டத்தில் ‘வழியிடர் குறைப்பு’ என்று தனித் தலைப்பே வேண்டும்.

திட்டத்தின் பெயராக வரும்போது ‘காப்பிடச் சேர்ப்புத் திட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். மைக்கில் படிக்கும்போது நாக்கு இடறுகிறதா என்று புதுச்சேரி நண்பர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.