திருவிருந்துக்கு எழுந்து வராத அங்கிள்

மன்னிப்புக் கிடைத்ததைப் பற்றி இங்கே பலர் எழுதிய சாட்சிகளைப் படித்தேன். ஒரே நாளில் குற்ற பாரம் இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அது இறங்காமல் வருஷக்கணக்கில் சுமந்துகொண்டே சபைக்கு வந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும், அவரைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

எங்கள் ஊர் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்தை விற்றதும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். அங்கிள் அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். அவருடைய தங்கை புருஷனை இழந்தவர், அதே தோட்டத்தில் பால் மரம் சீவியவர்.

வேலை நின்றபோது தங்கைக்கும் நஷ்டஈடு வந்தது. 1980ஆம் வருஷத்து வேலைநீக்க நஷ்டஈட்டு விதிப்படி 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் அது எவ்வளவு வந்துவிடும் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் அந்த அம்மாவுக்கு வாழ்நாளில் மொத்தமாகக் கையில் கிடைத்த காசு அது ஒன்றுதான். மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம் கட்டித் தருகிறேன் என்று அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். சம்சு சாராயத்துக்கும் நாலு நம்பர் லாட்டரிக்கும் எல்லாம் போனது. தங்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஜொகூருக்குப் போய்விட்டார், பையன் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அதற்கு அப்புறம்தான் அங்கிள் ஆண்டவரிடம் வந்தார். குடியை விட்டார், ஞானஸ்நானம் எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நாற்காலி துடைத்துப் போடுவார். முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு வந்தால் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். கேட்டால், "கடவுள் மன்னிச்சிட்டாரு தம்பி, எனக்குத் தெரியும். நான்தான் என்னை மன்னிக்க முடியல" என்பார்.

இந்தப் பேச்சை நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு இதில் மனசு ஒப்புவதில்லை. உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று வேதம் எங்கே சொல்கிறது? 1 யோவான் 3:20ஐ எடுத்துப் பாருங்கள், "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்றிருக்கிறது. நம் மனசு அப்படித் தீர்ப்புச் சொல்லும் என்று யோவானுக்குத் தெரியும். அதை வாதாடி ஜெயிக்கச் சொல்லவில்லை, அதைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்கிறார், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தவரே மன்னித்தேன் என்று சொன்ன பிறகு இல்லை நான் குற்றவாளிதான் என்று உட்கார்ந்திருப்பது பார்க்கத் தாழ்மை மாதிரித்தான் இருக்கும்.

ஒரு மே மாதம் ஆல்டர்ஸ்கேட் ஞாயிறன்று போதகர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வெஸ்லி 1728லேயே குருப்பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போய் மனம் உடைந்து திரும்பியவர். 1738 மே 24 அன்று இரவு லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், விருப்பமே இல்லாமல் போன ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து என் பாவங்களை, என்னுடைய பாவங்களைக்கூட, எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. குருவாகிப் பத்து வருஷம் கழித்து!

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் அங்கிள் போகவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் நானும் நின்றேன். போதகரிடம் தங்கை விஷயம் முழுவதையும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இயேசுவே சொல்லியிருக்கிறாரே, தங்கை முகத்தில் விழிக்காத நான் எப்படி முன்னால் வருவேன் என்று கேட்டார்.

போதகர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அண்ணே, அது நீங்க கொண்டுவர்ற காணிக்கையைப் பத்திச் சொன்னது. திருவிருந்து அவர் உங்களுக்குக் கொடுக்கிறது. அப்புறம், அந்த வசனம் போன்னுதானே சொல்லுது? இத்தனை வருஷமா நீங்க போகவே இல்லையே."

அடுத்த திருவிருந்துக்கு அங்கிள் முன்னால் வந்து முழங்கால் போட்டார். அதற்கு அடுத்த வாரம் என் காரில் ஜொகூருக்குப் போனோம். கிளம்பும் முன் போதகர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்தது, தங்கச்சிக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது உங்கள் தப்பும் அவர்கள் பணமும்தான். சாட்சி சொல்ல ஆசைப்படும் நாம் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏமாந்தவர் முன்னால் போய் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

தங்கை இன்னும் நம் பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர். கேட்டைத் திறந்தார், உட்காரச் சொன்னார், வேறெதுவும் பேசவில்லை. அங்கிள் சேமநிதியில் மிச்சம் இருந்ததை ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், பாக்கியை மாசாமாசம் அனுப்புகிறேன் என்று அதை நீட்டினார்.

"காசு சரிண்ணே. என் மகன் படிப்பு?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. நான் கெடுத்தது."

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே கேட்டார். "உங்க சாமி உங்களுக்கு என்னதான் சொன்னாரு?"

"போய்க் கொடுத்துட்டு வரச் சொன்னாரும்மா."

உறையை வாங்கி எண்ணிப் பார்த்தார். கோப்பி கொடுத்தார். மன்னித்தேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை, மகன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அங்கிள் அந்த மன்னிப்பைக் கேட்டு வாங்க நினைக்கவும் இல்லை. மாசம் பிறந்தால் என்னிடம் வந்து பணத்தை அனுப்பச் சொல்வார், வயசாகிவிட்டதால் போனில் பேங்க் வேலை எல்லாம் அவருக்கு வராது. திருவிருந்துக்கு வராமல் இருப்பதில்லை.

மேலே ஒரு சகோதரி, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளே இறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அது இதைவிடக் கஷ்டம், நான் சுலபமாகப் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரி, 51ஆம் சங்கீதத்தைத் தாவீது ராஜா பாடியபோது, அவன் யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்தப் போர்வீரன் உரியா உயிரோடு இல்லை. தாவீதுதான் அவனைப் போரில் சாகும்படி செய்தான். அப்படியிருந்தும் "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்று கேட்டான், தேவன் தள்ளிவிடவில்லை. நீங்கள் அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, ஊருக்குள் பேச்சைப் பரப்பாத ஒரு போதகரிடம் முழுவதையும் சொல்லுங்கள். இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அப்புறம் சேர்ந்து யோசிக்கலாம்.