புதுப்பிப்பு: ஆம்ப்ளிஃபையர் மாற்றலாமா என்று கேட்டிருந்தேனே, மாற்றவில்லை

ஸ்பீக்கர்களில் பேஸ் (தாழ்ந்த ஒலி) எடுபடவில்லை, பாடுபவர் குரல் எங்கிருந்தோ வருகிறது, புது ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். இடது ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறேன்! ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னால் வரும்போது மற்றது பின்னால் போக, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி) ஒரு பாட்டைப் போட்டதும் பிடிபட்டது. குரல் நடுவில் நிற்கவே இல்லை. வயரைச் சரியாக மாட்டியதும் நடுவில் நின்றது.

அப்புறம் பேஸ் அளவுக்கு மீறிக் குமுறியது. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து 2 அடி தள்ளி வைத்தேன், அடங்கியது. ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர அடியில் பழைய புத்தகக் கட்டு (பார்க்க அழகாக இல்லைதான்). இதுவரை செலவே இல்லை. கைதட்டினால் அறை இன்னும் எதிரொலிக்கிறது, கனமான திரைச்சீலை மட்டும் வாங்க வேண்டும்.