சேனாநாயக்க சமுத்திரத்தில் படகுப் பயணம்: ஏப்ரலா, ஓகஸ்டா?

கல்லடியான்:
அனைவருக்கும் வணக்கம். பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு வெளியே போக எண்ணியுள்ளோம். பிள்ளைகள் நுவரெலியாவின் கிரகரி வாவியைக் கேட்கிறார்கள். எனக்கோ அத்தனை தூரம் மலையேறுவதை விட, அம்பாறைக்கு அப்பால் குன்றுகள் சூழக் கிடக்கும் சேனாநாயக்க சமுத்திரத்துக்குப் போய், யானைகள் நீந்துவதைப் படகிலிருந்து பார்ப்பதே மேல் என்று தோன்றுகிறது. அம்மாவும் கூட வருகிறார். முழங்கால் வருத்தம் இருப்பதால் அதிகம் நடக்க மாட்டார். ஏப்ரல், ஓகஸ்ட் ஆகிய இரண்டில் எந்த விடுமுறை பொருத்தமானது? பிள்ளைகள் இறங்கிக் குளிக்க அங்கே இடம் உண்டா?

அம்பாறைவாசி:
குளிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு, ஆகவே அந்த எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மற்றபடி உங்கள் தெரிவு நல்ல தெரிவு. ஊவா மலைகளில் பிறந்து கல்முனைக்குத் தெற்கே கடலில் விழும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறிப்பதற்கான வேலைகள் 1949இல் தொடங்கின. நீர் நிரம்பியபோது பள்ளத்தாக்கு மூழ்கி, உயரமான குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. மேய்ச்சலுக்காக ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு யானைகள் நீந்திச் செல்வது இதனால்தான். உடல் முழுவதும் நீருக்குள் இருக்க, தும்பிக்கையின் நுனியும் நெற்றியும் மாத்திரம் மேலே தெரிய அவை போகும்போது, படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூரத்தில் காத்திருக்க வேண்டும். யானை போகும் வழியைக் குறுக்கே வெட்டி ஓட்டும்படி நாமும் கேட்கக் கூடாது. நல்ல படத்துக்காக அவரை நெருக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954இல் பிரகடனம் செய்யப்பட்ட கல்லோயா தேசிய பூங்கா ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் பரப்புடையது. யாலவைப் போல ஜீப்பில் சுற்றும் பூங்கா என்று இதை எண்ண வேண்டாம்; இங்கே படகுதான் பிரதானம், அது உங்கள் தாயாருக்கும் வசதி. அனுமதிச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் கிடைக்கும். படகுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும், அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிவதும் அவசியம்.

வயற்காரன்:
மாதத்தைத் தீர்மானிப்பது விடுமுறை அன்று, தண்ணீர். எங்கள் சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்வது இந்த நீர்தான் என்பதால் அதன் ஏற்ற இறக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். மார்கழி, தை மாத மாரி மழையில் நீர்மட்டம் உயர்ந்து, சிறுபோகத்துக்குத் திறந்துவிட்ட பின் மெல்ல இறங்கும்; அப்படி வெளிப்படும் கரைகளில் இளம்புல் முளைக்க, அதைத் தேடி யானைகள் காட்டிலிருந்து வெளியே வரும். மார்ச் முதல் ஜூலை வரையான காலத்தை எல்லோரும் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. ஓகஸ்டில் கச்சான் வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இப்பக்கம் இறங்கும் அந்தக் காற்று அடுப்படி அனலைப் போலச் சுடும். பரந்த நீரில் அலையும் எழுப்பும். அத்தோடு நீர் வெகுவாக வற்றியிருந்தால், படகேறுவதற்கு அம்மா சரிவான சேற்றுக்கரையில் இறங்க நேரிடும். ஏப்ரலே நல்லது. ஆனால் ஏப்ரலில் பின்னேரங்களில் இடி மழை வரும், ஆகவே விடியற்காலைப் படகையே பிடியுங்கள்.

மலைநாட்டு மருமகன்:
கிரகரி வாவியை இவ்வளவு இலேசாகத் தள்ளிவிடுவது சரியன்று. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவான அந்த வாவி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிதிபடகு, குதிரைச் சவாரி, கரையோர நடைபாதை எனச் சிறுவர்களுக்கு அங்கே வேலை அதிகம். இங்கினியாகலையில் யானை வராத நாளில் பிள்ளைகள் பொறுமையிழக்கக் கூடும். முழங்கால் வருத்தக்காரருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மருதமுனையாள்:
யானை வராவிட்டாலும் பறவைகள் இருக்கும். நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து வெயில் காயும்; வெண்வயிற்றுக் கடற்கழுகும் தென்படும். பிள்ளைகள் கையில் ஒரு தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டால் பொறுமையைப் பற்றிய கவலை பாதி தீரும். அம்பாறையிலிருந்து இங்கினியாகலைக்கு உள்ள சுமார் 20 கிலோமீற்றர் பாதையில் கொண்டவட்டுவான் குளம் வருகிறது. அதன் கட்டருகே வாகனத்தை நிறுத்தினால், அம்மா இருக்கையை விட்டு எழும்பாமலே பறவைகளைப் பார்க்கலாம்.

கல்லடியான்:
அனைவருக்கும் நன்றி. ஏப்ரல் என்று முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் மாலையே அம்பாறைக்கு வந்து தங்கி, மறுநாள் விடியற்காலைப் படகைப் பிடிக்க எண்ணம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கூட்டம் அதிகமாக இருக்குமா?

அம்பாறைவாசி:
கட்டாயம் இருக்கும். புத்தாண்டு கழிந்து ஒரு வாரமாவது விட்டு, வார நாளொன்றில் வாருங்கள். இங்கினியாகலையை விட அம்பாறை நகரிலேயே தங்குமிடம் தேடுவது எளிது. இருட்டிய பின் இங்கினியாகலைப் பாதையில் யானைகள் குறுக்கிடுவதுண்டு, ஆதலால் திரும்பும் பயணத்தைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.