மாளிகைத் தோட்டத்தில் கிளாசிக் கார் கூட்டம்: இடம் பார்க்கப் போனவர்களின் குறிப்புகள் (எழுதியவரின் பெயருக்குப் பதில் அவரவர் காரின் பெயர்)

மோரிஸ் மைனர்

இங்கிலாந்துப் பிரபுக்களின் வீட்டு வாசலுக்குக் கார்கள் கூட்டமாகப் போவது புதுப் பழக்கமில்லை. 1900 ஏப்ரல் 23-ல் லண்டனிலிருந்து கிளம்பிய ஆயிரம் மைல் ஓட்டத்தின் கார்கள், முதல் நாளே ரெடிங் பக்கத்துக் கால்காட் பார்க் மாளிகையில் காலைச் சாப்பாட்டுக்கு நின்றன. பழைய கார்களை வெளியே எடுத்து ஓட்டும் நாளாக ஏப்ரலில் வரும் 'டிரைவ் இட் டே' அந்த ஓட்டத்தின் நினைவுதான். 1952-ல் மாண்டேகு பிரபு பியூலியில் தன் வீட்டு முன்கூடத்திலேயே நாலைந்து கார்களை நிறுத்தி மியூசியத்தை ஆரம்பித்தார்.

அதனால் "கார் கிளப்பா, வாங்க" என்று எல்லா மாளிகையிலும் சொல்வார்கள். எந்தப் புல்லில், எந்த வழியாக, எத்தனை வண்டி என்பதில்தான் சிக்கல். இடம் பார்க்கப் போகிறவர்கள் 30 மீட்டர் டேப், நீளமான ஸ்குரூடிரைவர், சாய்வு காட்டும் போன் ஆப் மூன்றையும் எடுத்துப் போங்கள். வீட்டின் அழகை வெப்சைட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி. கடைத்தெரு பார்க்கிங்கில் ஒரு கட்டம் 2.4 × 4.8 மீட்டர். கண்காட்சிக்கு அது பத்தாது. 3 × 6 வையுங்கள். பழைய மினி காரின் நீளமே 3.05 மீட்டர்தான், அதற்கு எதற்கு ஆறு என்று கேட்பார்கள். ஜாகுவார் ஈ-டைப், டிரையம்ப் ஹெரால்டு இரண்டுக்கும் பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், பானெட்டைத் திறந்து வைக்காமல் யாரும் இருக்கப்போவதில்லை. அதோடு ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் V ஒன்று வந்துவிட்டால் அதுவே ஆறு மீட்டர். எதிரெதிர் வரிசைக்கு நடுவே 6 மீட்டர் பாதை விட்டால், ஒரு வண்டிக்குப் பாதி பாதையும் சேர்த்து 27 சதுர மீட்டர். நூறு வண்டிக்கு 2,700. ஒரு ஏக்கர் 4,047. மிச்சம் இருப்பதில் கூடாரம், நடைவழி, தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் அகலத் தடம். ஆக ஏக்கருக்கு நூறு வண்டிக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். "மூணு ஏக்கர் இருக்கு" என்று அலுவலகத்தில் சொன்னால் அதில் சரிவு எவ்வளவு, மரம் எவ்வளவு என்று நடந்து பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கேட்டு மெனக்கெட வேண்டாம், பெரும்பாலும் கல்யாணத்துக்குப் போய்விடும். ஞாயிறு கிடைக்கும். ஆனால் முந்தின நாள் கல்யாணக் கூடாரத்தை எப்போது பிரிப்பார்கள் என்று கேளுங்கள். ஞாயிறு காலை ஒன்பதுக்கு லாரி வந்து கூடாரம் ஏற்றிக்கொண்டிருக்கும், நம் வண்டிகளும் அதே வழியில் வந்து நிற்கும்.

ஈ-டைப் 4.2

வழியைப் பற்றி. போஸ்ட்கோடை சாட்நாவில் (வழிகாட்டும் கருவியில்) போட்டால் பல மாளிகைகளில் பண்ணை வாசலுக்கோ வேலையாட்கள் வாசலுக்கோ கொண்டுபோய் விடும். நாம் நுழையும் கேட்டுக்கு வரைபடக் கட்ட எண் தனியாக எடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள்.

கேட் தூண்களுக்கு நடுவே டேப் வைத்து அளக்க வேண்டும். கார் தாராளமாகப் போகும் கேட்டில் டிரெய்லர் மாட்டிக்கொள்ளும். டிரெய்லருக்கு வேறு கேட், வேறு நிறுத்தம், நுழையும் பக்கமே திரும்பாமல் நேராக வெளியேற வழி, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கார்களின் வழியில் வேகத்தடை இருந்தால் இறங்கி உயரம் பாருங்கள். தனியார் சாலை என்பதால் அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டிருப்பார்கள். எம்ஜி மிட்ஜெட்டில் இரண்டு பேரும் பெட்டியும் ஏறினால் சைலன்சர்தான் முதலில் தட்டும்.

மாடு, மான் தாண்டாமல் இருக்கச் சாலையில் குழாய் பதித்த கம்பித்தடுப்பு இருக்கும். காருக்குப் பிரச்சினையில்லை, நேராக, மெதுவாக ஏறினால் போதும். மோட்டார் சைக்கிள்காரர்களும் வருகிறார்கள் என்றால் மழையில் அது வழுக்கும். பக்கத்திலேயே சின்ன கேட் இருக்கும், அதன் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

மிக முக்கியம் வரிசை. எண்பது கார், ஒவ்வொன்றையும் கேட்டில் நிறுத்திப் பெயர் சரிபார்த்து பேட்ஜ் கொடுக்க 45 நொடி என்றால் சரியாக ஒரு மணி நேரம். அதுவும் யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டால். நம் வண்டிகளில் பலவற்றுக்கு ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, ஐடிலில் காற்றே போதாது. கார்புரேட்டர் வேறு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பங்கில் வருவது ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும். மேட்டில் வரிசையில் நின்ற வண்டி ஆஃப் ஆனால் அரை மணிக்குத் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, பின்னால் நிற்பவரும் கொதிக்க ஆரம்பிப்பார். பேட்ஜைத் தபாலில் முன்பே அனுப்பி, கண்ணாடியில் ஒட்டச் சொல்லி, கேட்டில் கை காட்டி அனுப்புங்கள். வண்டிக்கு பத்து நொடி, எண்பது வண்டியும் கால் மணிக்குள் உள்ளே. பேப்பர் வேலையெல்லாம் வண்டி நின்ற பிறகு. உள்ளே போன பிறகும் இருபது வண்டி நிற்க 120 மீட்டர் சமதளப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வரிசை பொதுச் சாலைக்கு வந்துவிடும்.

ரோவர் பி5

அண்ணை, உந்த இடத்தில ஈவன்ட் மனேஜரோட மட்டும் கதைச்சுப்போட்டு வரக்கூடாது. தலைமைத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு நடவுங்கோ. ஓமெண்டு சொல்லுறது ஒருத்தர், மறிக்கிறது மற்றவர்.

முதல் மரம். பார்க்கில நிக்கிற பழைய ஓக் எல்லாம் சும்மா மரமில்லை. சாதாரண மரத்துக்கு அடிமரத்தின்ர விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வேர்ப் பகுதி எண்டு எடுப்பினம். 80 சென்ரிமீற்றர் மரமெண்டால் 9.6 மீற்றர். மிகப் பழைய மரத்துக்கு 15 மடங்கு, அல்லது கிளை நுனியில இருந்து 5 மீற்றர், எது கூடவோ அது. ஒண்டரை மீற்றர் விட்டமுள்ள ஓக்குக்கு 22.5 மீற்றர் சுத்திவரக் கார் விட ஏலாது. ஏனெண்டால் வேர் கூடுதலாக மேல் 60 சென்ரிமீற்றருக்குள்ளதான் ஓடுது. ஈர மண்ணில கார் ஏறினால் மண் இறுகி காத்துப் போகாது. அண்டைக்கு ஒண்டும் தெரியாது, சில வருசம் கழிச்சுத்தான் உச்சிக் கிளை காயும். மர நிழலில நிப்பாட்ட எல்லாருக்கும் ஆசை. கயிறு கட்டாமல் விட்டால் பத்து மணிக்கு ஆரோ ஒருத்தர் அங்க நிப்பார்.

ரெண்டாவது 'ஹாஹா'. பேர் பகிடி மாதிரி, விசயம் பகிடி இல்லை. ஆடு மாடு வீட்டுப் புல்லுக்கு வராமல் இருக்க வெட்டின பள்ளம். வீட்டுப் பக்கம் நேர்ச்சுவர், மற்றப் பக்கம் சரிவு. வீட்டில நிண்டு பார்த்தால் புல் ஒரே விரிப்பாத் தெரியும், பள்ளம் கண்ணுக்கே படாது. அதுதான் அதின்ர வடிவமைப்பு. பின்பக்கமாக் கார் எடுக்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம். அந்தச் சுவர் மண்ணைத் தாங்கக் கட்டினது, ஒண்டரைத் தொன் காரைத் தாங்க இல்லை. குறைஞ்சது 3 மீற்றர் உள்ளுக்கை கயிறு கட்டுங்கோ.

மூண்டாவது நிலத்துக்குக் கீழ. பழைய செங்கல் வாய்க்கால், ஐஸ் கிடங்கு, மலசலகூடக் குழி, தோட்டத்துத் தண்ணிக் குழாய். இதுகளின்ர வரைபடம் தோட்டக்காரரின்ர தலைக்குள்ளதான் இருக்கும். கூடாரத்துக்கு ஆணி அடிக்கலாமோ எண்டு கேளுங்கோ. தொல்லியல் பாதுகாப்பு உள்ள நிலமெண்டால் அனுமதி இல்லாமல் ஆணியே கூடாது. காலுக்கு ஒரு 25 லீற்றர் தண்ணிக் கலன் வச்சால் 25 கிலோ, சின்னக் கூடாரத்துக்கு மெல்லிய காத்தில அது காணும். பலத்த காத்துக்குக் காணாது, கூடாரத்தை இறக்கிறதுதான் வழி.

மினி 850

எண்ணெய் சொட்டுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே? ஏ-சீரிஸ் எஞ்சின் போட்ட எங்கள் மினி, மைனர் வண்டிகளைப் பார்த்தாலே மாளிகைக்காரர்கள் முகம் மாறுகிறது.

மோரிஸ் மைனர்

காரணத்தோடு சொன்னால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள். மைனரில் உள்ள ஏ-சீரிஸ் எஞ்சினின் கிராங்க் (சுழல் தண்டு) பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகு மாதிரி வெட்டிய பள்ளம்தான். எஞ்சின் சுற்றும்போது அந்தத் திருகு எண்ணெயைத் திரும்ப சம்ப்புக்குள் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்) தள்ளும். எஞ்சின் நின்றால் தள்ள ஆளில்லை. அதனால் நிறுத்திய முதல் பத்து நிமிடத்தில்தான் சொட்டும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் எஞ்சின் மூச்சு விடும் குழாயான பிரீதர் அடைத்தாலும் இன்னும் அதிகம். டிரே வைப்பது என்றால் வண்டி நின்ற உடனே வைக்க வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து வைப்பதில் பயனில்லை. வெறும் அட்டை ஊறிக் கீழே போய்விடும். ஓவன் டிரேயில் அட்டையைப் போட்டு, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வையுங்கள். சுண்ணாம்புக்கல் பாவிய முற்றம் என்றால் டிரே இருந்தாலும் அங்கே நிறுத்த ஒத்துக்கொள்ளாதீர்கள். கறை போகாது, பில் வரும்.

டிரையம்ப் ஹெரால்டு

மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஓடிய அதே வண்டிதான், 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். அதை ஓட்டிப் பார்த்து "வழி சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது. கிளப்பிலேயே நீளமான, தாழ்வான, திரும்ப மறுக்கும் வண்டி எதுவோ அதைக் கொண்டுபோய் வாசல் வட்டத்தில் திருப்பிப் பாருங்கள்.

மழை. ஸ்குரூடிரைவரைப் புல்லில் ஒரு கையால் அழுத்துங்கள். பிடிவரை இறங்கினால் அந்த இடம் வேண்டாம். குதிகாலைத் திருப்பினால் தண்ணீர் கசிந்தாலும் அப்படியே. ஆகஸ்டில் போய்ப் பார்த்துவிட்டு ஏப்ரலுக்கு இடம் எடுப்பதுதான் வழக்கமான தப்பு. கூட்டம் எந்த மாதமோ அந்த மாதத்திலேயே ஒரு தடவை போக வேண்டும். வண்டிகள் வெளியேறும் திசை இறக்கமாக இருக்கும்படி நிறுத்துங்கள். உள்ளே வந்த தடத்திலேயே வெளியே விட்டால் மதியத்துக்குள் அது சேறு. புல்லில் இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை மெதுவாக. சக்கரம் ஒருமுறை சுழன்றுவிட்டால் நிறுத்திவிடுங்கள், மேலும் அழுத்தினால் குழிதான் ஆழமாகும்.

இழுக்க டிராக்டரும் டிரைவரும் மாலைவரை இருப்பார்களா என்று எழுதி வாங்குங்கள். கயிறு மாட்டுவது சேசிஸ் வளையத்தில் மட்டும். பம்பரில் மாட்டினால் பம்பர் தனியாக வரும், ஸ்டீயரிங் ராடில் மாட்டினால் வீட்டுக்குப் போக முடியாது. புல் கெட்டால் யார் செலவு, எவ்வளவு வரை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ரைலி 1.5

காகிதம். மாளிகையின் பூங்கா நிலத்தைத் திட்ட அனுமதி இல்லாமல் தற்காலிகமாக வேறு பயனுக்கு விட வருடத்துக்கு 28 நாள். ஆனால் கட்டடத்தைச் சேர்ந்த வளாகத்துக்குள் அந்தச் சலுகை செல்லாது. வீட்டு முன்புல் ஒரு கணக்கு, வேலிக்கு அப்பால் மேய்ச்சல் நிலம் வேறு கணக்கு. அந்த 28-ல் இந்த வருடம் எத்தனை தீர்ந்துவிட்டது என்று கேளுங்கள். ஆட்டோஜம்பிள் கடைகளும் போடுவதானால், அதாவது நம் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகக் கடைகள், அது சந்தை என்று கொள்ளப்பட்டால் 14 நாள்தான்.

பீர் விற்பதாக இருந்தால் மாளிகைக்கே லைசென்ஸ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பை கவுன்சிலுக்கு முழுசாக 10 வேலைநாளுக்கு முன் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் 499 பேர் உச்சவரம்பு, அதில் நம் தொண்டர்களும் அடக்கம். பலர் பார்வையாளரை மட்டும் எண்ணி ஏமாறுகிறார்கள். பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் மாளிகைகள் பெரும்பாலும் 50 லட்சம் பவுண்டாவது கேட்கும், சில இடத்தில் ஒரு கோடி. கிளப் பாலிசியில் என்ன தொகை, எஞ்சின் ஓட்டிக்காட்டுவதற்கும் சேர்த்தா என்று போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை, காப்பீடு கட்டாயம்தான்.

டெய்ம்லர், கறுப்பு

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் பெயின்ட் சம்பந்தமானவை.

மாளிகை நுழைவுச் சாலையின் இருபுறமும் லைம் மரம் நட்டிருப்பார்கள். எலுமிச்சை என்று நினைக்காதீர்கள், இது வேறு உயர்ந்த மரம். ஜூன், ஜூலையில் இலையில் அசுவினி பூச்சி மொய்த்துச் சர்க்கரைப் பாகு மாதிரி சொட்டும். மூன்று மணி நேரத்தில் பானெட் பிசுபிசுக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். செப்டம்பர் என்றால் குதிரைக் கஷ்கொட்டைக்குக் கீழே நிற்காதீர்கள். காய் விழுந்தால் அலுமினியப் பானெட்டில் பள்ளம்.

அடுத்தது மயில். முருகனுக்கு வாகனம், நம் வாகனத்துக்கு எமன். வசந்தத்திலிருந்து கோடைத் தொடக்கம்வரை ஆண்மயில் பளபளக்கும் கதவில் தன் பிம்பத்தைப் பார்த்து எதிரி என்று கொத்தும், காலால் உதைக்கும். கறுப்பு, கருநீலம், மெருகேற்றிய குரோம் சக்கர மூடிதான் அதற்குப் பிடித்தவை. தோகை உதிர்ந்த பிறகு வெறி அடங்கும். இடம் பார்க்கப் போகும்போது மயில் உண்டா, எந்தப் பக்கம் உலாவும் என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். உண்டென்றால் கருநிற வண்டிகளைத் தூரத்து வரிசையில் போட்டு, கதவுக்குப் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.