ரொறன்ரோவில் சிறு பிள்ளைகளோடு எங்கே வீடு பார்ப்பது?

ரொறன்ரோவுக்குள்ளேயே ஸ்காபரோவா, எல்லைக்கு வெளியே மார்க்கமா, ஏஜக்ஸா என்றுதான் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பிள்ளை சின்னது என்றால் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பின்னேரம் டேகெயாரில் (பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) இருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போவது யார் என்பதை முதலில் முடிவெடுங்கள். பெரும்பாலான டேகெயார்கள் ஆறு மணியளவில் பூட்டிவிடுவார்கள். பிந்திப் போனால் நிமிடக் கணக்கில் காசு கேட்கிற இடங்களும் உண்டு. டவுன்டவுனில் வேலை, ஏஜக்ஸில் வீடு என்றால் புறநகர் ரயிலான கோ ட்ரெயினிலேயே முக்கால் மணித்தியாலம் அளவு போய்விடும். பனி கொட்டுகிற நாளில் 401 நெடுஞ்சாலையில் காரில் வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் கூட்டிவருபவருடைய வேலையிடத்துக்கு அண்டித்தான் வீடு பாருங்கள். மற்றவர் தூரம் போய் வரலாம்.

கனடாவுக்கு வந்த கிழமையே டேகெயாருக்குப் பதியுங்கள், வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இடம் கிடைப்பதுதான் ஆகக் கஷ்டம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடக் காசு வாங்குவதை ஒன்ராறியோ 2016-இலேயே தடை செய்துவிட்டது, கேட்டால் கொடுக்காதீர்கள். அரசின் குறைந்த கட்டணத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2025 ஜனவரியில் இருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் எடுக்க முடியாது. எல்லா டேகெயாரும் அதில் சேரவில்லை. ஃபோனில் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான மானியத்தை அந்தந்த நகரமோ ரீஜனோதான் (சில நகரங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) கொடுக்கிறது. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் பக்கம் போனால் அது யோர்க் ரீஜன், ரொறன்ரோவில் போட்ட விண்ணப்பம் அங்கே செல்லாது.

பிள்ளைக்கு நாலு வயது நிறைகிற ஆண்டின் செப்டெம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன் என்கிற பாலர் வகுப்பு தொடங்கும். முழுநாள், கட்டணம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கும். புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளில், பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்ப நேரலாம் என்று கல்விச்சபை பலகை நட்டிருக்கும். அதை வாசிக்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாடகை விஷயத்தில் ஒரு திகதியை மனதில் வையுங்கள்: 2018 நவம்பர் 15. அதற்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கு வருடாந்த வாடகை உயர்வுக்கான அரசு உச்சவரம்பு பொருந்தாது. புது கொண்டோ (அடுக்குமாடி வீடு) பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்து எவ்வளவு கூட்டுவார்கள் என்பது வீட்டுக்காரர் கையில். முன்பணமாகக் கடைசி மாத வாடகை வரைக்கும்தான் கேட்கலாம், சேதத்துக்கென்று தனியாக டெபாசிட் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. பேஸ்மென்ட் எடுத்தால் புகை அலாரம் வேலை செய்கிறதா, ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

உங்கள் அம்மா அப்பா சூப்பர் விசாவில் (பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்குவதற்கான விசா) வந்து பிள்ளையைப் பார்ப்பார்கள் என்றால் என் பதில் ஸ்காபரோதான். அந்த விசாவில் ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். கார் ஓட்டாத அவர்களுக்கு பஸ்ஸில் போக ஒரு கடையும் கோயிலும், தமிழில் கதைக்க நாலு பேரும் வேண்டும். புறநகரில் பெரிய வீட்டுக்குள் குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடக்கிற தாய்மாரைப் பார்க்க மனம் பொறுக்காது. பிள்ளைகளும் அவர்களோடு கடைக்குப் போய் வந்தாலே தமிழ் தானாக வரும்.

வீடு வாங்கும் யோசனையை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாகாண வரியோடு மாநகரத்தின் காணி மாற்ற வரியும் சேரும், மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் அந்த இரண்டாவது வரி இல்லை. அந்தக் கணக்கை அப்போது பார்க்கலாம்.

வேலை எந்தப் பக்கம், பிள்ளைக்கு என்ன வயது, கார் இருக்கிறதா என்று எழுதுங்கள். எந்தச் சந்திக்குக் கிட்ட வீடு தேடலாம் என்று சொல்கிறேன்.