ஜாவா: காலியாகத் தெரியும் பெயரைக் காலியில்லை என்கிறது

தறிநூல்:
ஜாவா 11 நிரல்மொழியில் எழுதுகிறேன். எக்செல்லிலிருந்து எடுத்த சுமார் 2 லட்சம் வரிகளைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். பெயர் இல்லாத வரிகளை ஒதுக்க வேண்டும். காலியா என்று பார்க்கும் இஸ்எம்ப்டி, இஸ்பிளாங்க், ஓர இடைவெளியை வெட்டும் ட்ரிம் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. அப்படியும் சில வரிகள் நழுவி உள்ளே போகின்றன. திரையில் ஒன்றும் தெரியவில்லை, நீளம் மட்டும் 1 என்று வருகிறது. தவிர, காலி ஸ்ட்ரிங்குடன் (எழுத்தே இல்லாத எழுத்துச்சரத்துடன்) சமமா என்று பார்க்கும் ஈக்குவல்ஸ் வைத்து ஒப்பிடுவது மெதுவானது என்கிறார் குழுத்தலைவர். உண்மையா?

பழைய ஜாவாக்காரர்:
வேகக் கவலையை விடுங்கள். இஸ்எம்ப்டி நீளம் 0 தானா என்று மட்டும் பார்க்கிறது. ஈக்குவல்ஸும் நீளம் ஒத்துவராவிட்டால் எழுத்துகளைத் தொடாமலே திரும்பிவிடும். கோப்பைப் படிக்க ஆகும் நேரத்துக்கு முன் இதெல்லாம் தூசு. ட்ரிம் மட்டும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் புதிய ஸ்ட்ரிங் ஒன்றை உருவாக்கும். இஸ்பிளாங்க் எதையும் உருவாக்காது. இடைவெளியல்லாத முதல் எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். நல் (null, மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடும் என்றால் அதை முதலில் சோதியுங்கள்.

எழுத்தெண்:
அந்த ஒற்றை எழுத்தின் யூனிகோடு எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். 160 ஆக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அது முறியா இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் 32 வரையுள்ள எண்களைத்தான் வெட்டும். இஸ்பிளாங்க்கும் 160-ஐ வெற்றிடமாகக் கொள்வதில்லை. பைத்தான் மொழியின் ஸ்ட்ரிப் அதை வெட்டிவிடும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

தறிநூல்:
பெரும்பாலும் 160 தான். சிலவற்றில் 8204 வருகிறதே?

எழுத்தெண்:
அது அகலமில்லாத பிரிப்பான். தமிழில் க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகாமல் தனித்து நிற்க இடையில் போடுவார்கள். ஆகவே தரவிலிருந்து அதை ஒட்டுமொத்தமாக நீக்கிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் பெயர்களின் தோற்றம் மாறிவிடும். சோதனையில் மட்டும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். சிறு செயல்கூறு போதும்: ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள், இடைவெளியா என்று பார்க்கும் இஸ்வைட்ஸ்பேஸ் அல்லது இஸ்ஸ்பேஸ்சார் ஆம் என்றாலோ, எழுத்தின் வகை ஃபார்மட் (கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறி) என்றாலோ தாண்டுங்கள். வேறு எது வந்தாலும் காலியில்லை. 160, 8203, 8204, கோப்பின் தலையில் வரும் 65279 எல்லாம் இதில் அகப்படும்.

தறிநூல்:
வேலை செய்கிறது, நன்றி! தந்தை பெயர் மட்டும் காலியாக இருக்கலாம். அதை அப்படியே சேமிக்கலாமா?

பழைய ஜாவாக்காரர்:
எந்தத் தரவுத்தளம்? போஸ்ட்கிரெஸ் காலி ஸ்ட்ரிங்கையும் நல்லையும் வேறுவேறாக வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் காலி ஸ்ட்ரிங்கை நல்லாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு காலி ஸ்ட்ரிங்குக்குச் சமமா என்று தேடினால் ஒரு வரியும் வராது, இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும்.

தறிநூல்:
ஆரக்கிள்தான். வினவல்களையும் இப்போதே திருத்திவிடுகிறேன்.