போக்குச்சூடு: டர்போ வண்டியின் சைலன்சர் சூட்டுக்கு ஒரு சொல்

வணக்கம்.

நாம் சேர்த்துவரும் வண்டிக் கலைச்சொல் பட்டியலில், இன்ஜினிலிருந்து வெளியேறும் வளி அளவுக்கு மீறிச் சூடாவதைக் குறிக்கும் 'எக்ஸாஸ்ட் ஓவர்ஹீட்' என்பதற்கு இதுவரை வந்த சொற்களில் 'கழிவளி மிகைவெப்பம்', 'வெளியேற்ற அதிவெப்பம்' இரண்டும்தான் முன்னால் நிற்கின்றன. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. என் வண்டியில் நடந்ததைச் சொன்னால் காரணம் எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

என்னுடையது டர்போ வைத்த டீசல் கார். இன்ஜினிலிருந்து வெளியேறும் வளியால் சுழன்று, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவிதான் டர்போ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பாதி மலையில் இழுவை குறைந்துவிட்டது, பின்னால் கரும்புகை. இருட்டிய நேரம், ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தால் டர்போவுக்குப் பக்கத்தில் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றாகச் சேரும் வார்ப்பு, மங்கலான சிவப்பில் கனன்றுகொண்டிருக்கிறது. ஆனால் டேஷ்போர்டில் கூலன்டின் சூட்டைக் காட்டும் முள் நட்டநடுவில், அசையவே இல்லை. ஊருக்கு வந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து "வண்டி ஹீட் ஆகுது" என்றேன். அவர்கள் ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே மலை, அதே சிவப்பு.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். அவர் முதலில் கேட்டதே "எதுங்க சூடாகுது, தண்ணியா சைலன்சரா?" என்றுதான். சைலன்சர் பக்கம் என்றதும் ரேடியேட்டர் இருக்கும் திசையைக்கூடப் பார்க்கவில்லை. காற்று உள்ளே போகும் குழாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை அளவாக ஏற்றி, ஓஸ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸில் கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு, அங்கே நுரை தள்ளியது. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறினால் மட்டும் வாயைத் திறக்கும் வெடிப்பு. டர்போ அமுக்கிக் கொடுத்த காற்று வழியிலேயே போய்விட்டது, டீசல் மட்டும் கணக்குப்படி விழுந்தது, அதனால்தான் கரும்புகையும் சூடும்.

தண்ணியா சைலன்சரா என்ற அந்தக் கேள்விக்கான பதில் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 'மிகைவெப்பம்' என்பது இன்ஜினுக்கும் பொருந்தும், பிரேக்குக்கும் பொருந்தும். கேட்டவுடன் எல்லோர் கையும் ரேடியேட்டர் மூடிக்குத்தான் போகும்.

'கழிவளி'யில் எனக்கு இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. டர்போ இல்லாத வண்டியில் அது கழிவு, சரி. டர்போ வண்டியில் அந்த வளிக்குத்தான் வேலையே. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூகி 1905-ல் காப்புரிமை வாங்கியதன் அடிப்படையே, வீணாக வெளியே போகிற இந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் பிடித்து வேலை வாங்கலாம் என்பதுதான். எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. டர்போவின் சுழலியை (டர்பைனை) சுற்றவைத்து இன்ஜினுக்குக் காற்று ஊட்டுகிற ஒன்றைக் கழிவு என்று எழுதினால், படிக்கிற மாணவனுக்கு டர்போ எப்படி ஓடுகிறது என்பதே குழம்பிப்போகும். 'உமிழ்வளி' என்று ஒருவர் சொன்னார், நல்ல சொல். ஆனால் அது வால்குழாயிலிருந்து வெளியே வருவதற்கு, புகைச் சோதனையில் அளக்கிறார்களே, அதற்குத்தான் பொருந்தும். நாம் பேசுவது சிலிண்டருக்கும் சுழலிக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி.

என் முன்மொழிவு 'போக்குவளி'. புகைபோக்கி எல்லோருக்கும் தெரிந்த சொல், மழைத்தண்ணீர் வெளியேறும் வழியையும் போக்கு என்கிறோம். போக்கு என்றால் வெளியே விடும் வழி, அந்த வழியில் இருக்கும் வளி போக்குவளி. அதன் சூடு 'போக்குச்சூடு'. போக்குவரத்து என்று காதில் விழாதா என்ற எதிர்ப்பு வரும், தெரியும். தனியாகக் கேட்டால் ஒரு நொடி தடுமாறலாம், வண்டியைப் பற்றிய பேச்சுக்குள் வந்தால் தடுமாற இடமில்லை. 'சூடு' பேச்சுச் சொல்தானே என்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உடம்புச் சூடு என்று சொல்லும்போது எந்த இடத்துச் சூடு, என்ன வகைச் சூடு என்று நமக்கு உடனே பிடிபடுகிறது, அந்த வலிமை 'வெப்பம்' என்ற சொல்லுக்கு இல்லை.

ஆனால் எண்ணாகச் சொல்லும்போது 'போக்குவளி வெப்பநிலை' என்றே எழுதுவோம். பட்டறையில் குறையைச் சொல்ல ஒரு சொல், கருவியில் படிக்க இன்னொரு சொல், இரண்டும் ஒரே வேரிலிருந்து. எந்த இடத்தில் அளந்தது என்பதும் சேர வேண்டும். சுழலியைச் சுற்றும்போது வளி தன் ஆற்றலை இழக்கிறது, அதனால் பாரம் ஏற்றி ஓட்டும்போது சுழலிக்கு முன்னும் பின்னும் நூறு டிகிரிக்கு மேலேகூட வேறுபாடு வரும். 'சுழலிமுன் வெப்பநிலை', 'சுழலிப்பின் வெப்பநிலை' என்று பிரிக்காமல் வெறும் 800 டிகிரி என்று எழுதினால் அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. டீசல் டர்போவில் சுழலிக்கு முன் ஏறத்தாழ 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம், பெட்ரோலில் 950, சிலவற்றில் 1050 வரைகூடப் போகும்.

அதேபோல உலோகத்தின் சூடு வேறு, வளியின் சூடு வேறு. லேசர் புள்ளி காட்டும் சூட்டுத் துப்பாக்கியை மேனிஃபோல்டின் மேல் பிடித்தால் கிடைப்பது மேற்பரப்பின் சூடு மட்டும், பளபளப்பான உலோகமாக இருந்தால் அதுவும் குறைத்துக் காட்டும். வளியின் சூடு வேண்டுமானால் குழாயில் துளையிட்டு வெப்ப இணையை (தெர்மோகப்பிள்) உள்ளே நுழைத்துத்தான் அளக்க வேண்டும். அதனால் உலோகம் சிவப்பதற்கு 'கனல்தல்' என்று தனி வினை வைத்துக்கொள்ளலாம். மேனிஃபோல்டு கனல்கிறது, போக்குச்சூடு ஏறுகிறது, இரண்டும் இரண்டு செய்தி. பெட்ரோல் டர்போவை முழுப் பாரத்தில் நெடுநேரம் ஓட்டினால் மேனிஃபோல்டு கனல்வது இயல்புதான், ஐடிலில் நிற்கும்போது கனன்றால்தான் பயப்பட வேண்டும்.

சூடு என்றாலே குறை என்ற பொருளும் வந்துவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் கரிவடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க வண்டியே போக்குச்சூட்டை 600 டிகிரி பக்கம் கொண்டுபோகும், அது அதன் வேலை. குறையைச் சொல்ல 'மிகைப் போக்குச்சூடு' என்று முன்னொட்டோடு எழுதுவோம்.

இனி இதைவிட எனக்குக் கவலை தரும் ஒன்று. காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்தால் 'லீன்', கூடினால் 'ரிச்', இரண்டுக்கும் மெலிகலவை, செறிகலவை என்று பட்டியலில் ஏற்றியாயிற்று. பெட்ரோலுக்கு அது சரி. டர்போ பெட்ரோல் இன்ஜின் முழுப் பாரத்தில் வழக்கமாகக் கூடுதல் பெட்ரோல் விட்டுத்தான் வளியைக் குளிர்விக்கிறது, பம்பு அழுத்தம் குறைந்து அந்தக் கூடுதல் பெட்ரோல் வராமல் போனால் போக்குச்சூடு ஏறும். டீசலில் தலைகீழ், எரிபொருள் கூடக்கூடச் சூடு, காற்று கூடக்கூடக் குளிர்ச்சி. 'மெலிகலவையால் சூடு' என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால் டீசல் வண்டிக்காரர் நேர் எதிர்த் திசையில் தேடுவார். டீசலுக்குக் 'காற்றுக்குறை' என்று நேராகவே சொல்லலாமே, என் வண்டிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும்.

பெட்ரோலில் இன்னொரு காரணம் ஸ்பார்க் பிளக்கின் பொறி பிந்துவது. தட்டல் (நாக்கிங்) கேட்டால் வண்டியின் கணினி பொறியைப் பின்னுக்குத் தள்ளும், எரிதல் பிந்தும், வால்வு திறக்கும்போதும் எரிந்து முடியாத சூடு அப்படியே சுழலிக்குப் போகும். இதற்குப் 'பிந்துபொறி' என்று ஏற்கெனவே வந்த சொல் அழகாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். பொறியே விழாமல் தப்பினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டிக்குள் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) போய் எரிந்து அந்தப் பெட்டி கனலும். அது உருகி அடைத்துக்கொண்டால் வளி வெளியேற வழியில்லாமல் திரும்பி முட்டும். இந்த முட்டலுக்குப் 'பின்னழுத்தம்' என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு 'எதிரழுத்தம்' சரியாகப் படுகிறது. பின்னால் இருக்கிறது என்பது அங்கே பெரிய விஷயமில்லை, வெளியே தள்ளும் பிஸ்டனை எதிர்த்து நிற்கிறது என்பதுதான் விஷயம். பெட்டிக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும், பெட்டியைக் கழற்றவே வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கு மட்டும் என்னிடம் நல்ல சொல் இல்லை. கணிதத்தில் இருக்கும் 'பன்மடி'யை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், நான்கு குழாய் ஒன்றாகச் சேரும் வார்ப்பு அது, மடிப்பு எதுவும் அதில் இல்லை. 'கூட்டுக்குழாய்' என்று எழுதிப் பார்த்தேன், ஓரளவுக்குத்தான் ஒட்டுகிறது. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள், அதுவரை மேனிஃபோல்டு என்றே இருக்கட்டும்.